புது எடிட்டரைச் சோதிக்கச் சொன்னார்களா? டேட்டா சயின்ஸ் வொர்க்ஸ்பேஸில் முதல் இரண்டு நாள் வேலை

"புது எடிட்டர் ஒண்ணு போட்டிருக்கோம், ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க." டேட்டா டீமில் புதிதாகச் சேர்ந்தவருக்கு எப்போதாவது இந்த வேலை வந்து சேரும். கேட்கச் சுலபமாக இருக்கும். பிரவுசரில் முகவரியைத் திறந்து, நாலு வரி பைத்தான் எழுதி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று பதில் போட்டுவிடலாம். முதல் தடவை நானும் அப்படித்தான் போட்டேன். அடுத்த வாரமே அதே எடிட்டரில் மூன்று மணி நேர வேலை காணாமல் போனது. எடிட்டரில் ஒரு கோளாறும் இல்லை. நான் ஃபைலை வைத்திருந்த ஃபோல்டர், சர்வர் ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் துடைக்கப்படுகிற ஃபோல்டர். அதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் என்னிடம் இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள்.

ஆகவே தீம், ஐகான், எழுத்தின் அளவு பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. டேட்டா சயின்ஸ் வொர்க்ஸ்பேஸில் (கோட், ஃபைல், டேட்டா எல்லாம் ஒன்றாக இருக்கும் வேலையிடத்தில்) எடிட்டர் என்பது முன்வாசல் மாதிரி. வாசலைப் பார்த்து வீட்டை வாங்க மாட்டோம். தண்ணீர் வருகிறதா, மழையில் ஒழுகுகிறதா என்றுதான் பார்ப்போம். அதே புத்தியோடு இதையும் பாருங்கள்.

முதலில், எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இன்று டேட்டா சயின்ஸ் வேலைக்குப் பிரவுசரில் திறக்கிற எடிட்டர்கள் பெரும்பாலும் இரண்டு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று ஜூபிட்டர்: கோடைச் செல் என்ற சிறு கட்டங்களில் எழுதி, விடையை அதன் கீழேயே பார்க்கும் நோட்புக் வகை. ஐபைத்தான் திட்டத்திலிருந்து 2014இல் பிரிந்து வந்தது. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளின் பெயரை ஒட்டி அமைந்த பெயர். ஜூபிட்டர்லேப் என்பது அதன் இப்போதைய முகம். இன்னொன்று மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்ட விஎஸ் கோடின் திறந்த மூலத்திலிருந்து கிளைத்தவை. கோட்-சர்வர், கிட்ஹப் கோட்ஸ்பேசஸ், அமேசான் சேஜ்மேக்கர் ஸ்டூடியோவில் இருக்கும் கோட் எடிட்டர் எல்லாம் இந்த வகை. பல அலுவலகங்களில் ஏற்கெனவே ஜூபிட்டர் இருக்கும். அதன் பக்கத்தில் விஎஸ் கோட் வகை ஒன்றைச் சேர்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுவார்கள். இங்கே நான் மனதில் வைத்துப் பேசுவதும் அந்த நிலைமையைத்தான்.

அடுத்த கேள்வி: கோட் எங்கே ஓடுகிறது? பிரவுசரில் தெரிவதால் பிரவுசரில்தான் ஓடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது தூரத்தில் ஒரு சர்வரில், ஒரு கன்டெய்னருக்குள் (சர்வரில் உங்களுக்கென்று பிரித்துக் கொடுத்த தனி அறை மாதிரி) ஓடுகிறது. விதிவிலக்கும் உண்டு. ஜூபிட்டர்லைட் என்பது வெப்அசெம்பிளி என்ற பிரவுசர் நுட்பத்தின் வழியாகப் பைத்தானையே பிரவுசருக்குள் கொண்டுவந்துவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய வழி: பக்கம் முழுவதும் திறந்து, ஒரு செல்லை ஒரு முறை ஓட்டிய பிறகு, வைஃபையை அணைத்துவிட்டு இரண்டையும் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். விடை வந்தால் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடுகிறது. சும்மா நின்றால் சர்வரில்.

ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதிவையுங்கள். கோட் எங்கே ஓடுகிறது, ஃபைல் எங்கே கிடக்கிறது, இதை யார் எப்போது நிறுத்துவார்கள்? சோதனை முடிவதற்குள் மூன்றுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

முதல் பத்து நிமிடம்

புதிய நோட்புக் ஒன்றைத் திறந்து, சைகிட்-லேர்ன் லைப்ரரியோடு கூடவே வரும் ஐரிஸ் டேட்டாவை ஏற்றுங்கள். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. லைப்ரரிக்குள்ளேயே இருப்பதால் இணையம் தேவையில்லை; விடையும் எல்லோருக்கும் தெரிந்தது. 150 வரிசைகள், நான்கு அளவுகள், மூன்று வகைப் பூக்கள், வகைக்கு 50. முதல் அளவின் சராசரி 5.843 என்று வர வேண்டும். வந்தால் பைத்தான், அதன் எண் லைப்ரரியான நம்பை, சைகிட்-லேர்ன் மூன்றும் சரியாக நிற்கின்றன என்று அர்த்தம். வராமல் "மாட்யூல் இல்லை" என்று சொன்னால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அதே டேட்டாவை வைத்து ஒரு சிதறல் வரைபடம் போடுங்கள். நோட்புக்கில் படம் செல்லின் கீழேயே வந்துவிடும். அப்புறம் அதே கோடைச் சாதாரணப் பைத்தான் ஃபைலாகச் சேமித்து, கட்டளை தட்டும் டெர்மினலிலிருந்து ஓட்டுங்கள். பெரும்பாலும் ஒரு ஜன்னலும் திறக்காது. சர்வரில் திரை கிடையாது, ஜன்னல் எங்கே திறக்கும்? புதியவர்கள் இதை எடிட்டரின் பிழை என்று எழுதிவிடுவார்கள். பிழையில்லை, படத்தை ஃபைலாகச் சேமித்து, எடிட்டரில் அதைச் சொடுக்கிப் பார்க்க முடிகிறதா என்பதுதான் இங்கே சோதிக்க வேண்டியது.

எந்தப் பைத்தான் பேசுகிறது?

வொர்க்ஸ்பேஸில் வரும் குழப்பங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஒரே கன்டெய்னருக்குள் இரண்டு மூன்று பைத்தான் இருக்கலாம். டெர்மினல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், நோட்புக்கின் கர்னல் (செல்லில் எழுதியதை ஓட்டும் பின்னணி நிரல்) இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். டெர்மினலில் பிப் என்ற நிறுவும் கருவி மூலம் பேக்கேஜ் நிறுவுவீர்கள். "வெற்றிகரமாக நிறுவப்பட்டது" என்று வரும். நோட்புக்கில் போய் இறக்குமதி செய்தால் அப்படி ஒன்று இல்லையென்று சொல்லும். இரண்டுமே உண்மைதான்.

சோதிக்கும் விதம் இது. நோட்புக்கில் சிஸ் மாட்யூலை இறக்குமதி செய்து, இப்போது ஓடும் பைத்தானின் முழுப் பாதை என்ன என்று கேளுங்கள். அதே இரண்டு வரியை டெர்மினலில் பைத்தானைத் திறந்தும் ஓட்டுங்கள். இரண்டு பாதையும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. வேறாக இருந்தால், எடிட்டரின் வலது மேல் மூலையில் கர்னலைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எத்தனை பெயர்கள் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நோட்புக்கிலிருந்து நிறுவ வேண்டுமானால் செல்லுக்குள் சதவீதக் குறி போட்டு பிப் கட்டளையைக் கொடுப்பதே பாதுகாப்பு. அது அந்தக் கர்னல் இருக்கிற சூழலிலேயே நிறுவும்.

அடுத்து, நிறுவிய பேக்கேஜ் நாளைக்கும் இருக்குமா? வொர்க்ஸ்பேஸை முழுதாக நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கிப் பாருங்கள். பல அமைப்புகளில் உங்கள் ஹோம் ஃபோல்டர் தனி டிஸ்க்கில் இருக்கும், அதனால் நிலைக்கும். மற்றதெல்லாம் கன்டெய்னரோடு போய்விடும். பேக்கேஜ் எங்கே போய் உட்கார்ந்தது என்பதைப் பொறுத்து அது காலையில் இருக்கும் அல்லது இருக்காது. என் மூன்று மணி நேரம் போனதும் இதே காரணத்தால்தான். நான் டெம்ப் ஃபோல்டரில் சேமித்திருந்தேன். "டெம்ப்னு பேர் வெச்சிருக்காங்களே, யோசிக்க வேண்டாமா" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார். பதில் இல்லை.

இப்போதெல்லாம் நான் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சிறு ஃபைலைப் போட்டுவிட்டுத்தான் சோதனையைத் தொடங்குகிறேன். ஹோமில் ஒன்று, டெம்ப்பில் ஒன்று, டீமுக்குப் பொதுவான ஃபோல்டரில் ஒன்று. மறுதொடக்கத்துக்குப் பிறகு எது மிஞ்சியது என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை.

டேப்பை மூடுங்கள், வைஃபையை அணையுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய சோதனை இதுதான். மாடல் பயிற்சி ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குக் கிளம்ப லேப்டாப்பை மூடுவீர்கள். அப்போது என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

ஒரு செல்லில் சிறு சுழற்சி எழுதுங்கள். பத்து நொடிக்கு ஒருமுறை அது மூன்று வேலை செய்ய வேண்டும்: எண்ணை ஒன்று கூட்ட வேண்டும், அதைத் திரையில் அச்சிட வேண்டும், ஹோம் ஃபோல்டரில் உள்ள ஒரு உரை ஃபைலின் கடைசியில் நேரத்தோடு சேர்க்க வேண்டும். மொத்தம் பத்து நிமிடம் ஓடட்டும். இரண்டு நிமிடம் ஆனதும் டேப்பை மூடிவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள்.

இப்போது மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். உரை ஃபைலில் வரிகள் விடாமல் வந்திருந்தால் கர்னல் உங்களுக்காகக் காத்திருக்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் அச்சான எண்கள் நடுவில் விட்டுப்போயிருந்தால் பயப்பட வேண்டாம்; பார்ப்பதற்கு ஆள் இல்லாத நேரத்தில் வந்த வெளியீடு நோட்புக்கில் ஏறாமல் போவது ஜூபிட்டரில் வெகுகாலமாக உள்ள குணம். சுழற்சி முடிந்த பிறகு அந்த எண் மாறியைக் கேட்டுப் பாருங்கள், மதிப்பு உயிரோடு இருக்கும். ஃபைலே நடுவில் நின்றுபோயிருந்தால்தான் விஷயம் பெரிது. டேப்பை மூடியதும் கர்னலும் போய்விட்டது.

இந்த இடத்தில் இரண்டு குடும்பத்துக்கும் வேறுபாடு உண்டு. ஜூபிட்டர்லேபில் கர்னலைப் பெற்றெடுப்பது சர்வர். நீங்கள் இருந்தாலும் போனாலும் அது சர்வரின் பிள்ளை. விஎஸ் கோட் வகையில் கர்னலைத் தொடங்குவது அதற்குள் இருக்கும் ஜூபிட்டர் எக்ஸ்டென்ஷன் (எடிட்டரில் சேர்க்கும் துணை நிரல்). இணைப்பு நெடுநேரம் அறுந்து, சர்வர் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் நிறுத்தப்பட்டால் கர்னலும் சேர்ந்து போகக்கூடும். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாமல் இரவு முழுவதும் விட்டால் போய்விடுகிற நிலையும் வரும். எனவே இதையே ஒரு ராத்திரிக்கு விட்டும் பாருங்கள்; இரண்டு நாள் கொடுத்தது அதற்குத்தான். நீண்ட வேலையென்றால் நோட்புக்கை நம்பாமல் பைத்தான் ஃபைலாக்கி, இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸை டெர்மினலில் திறந்து அதற்குள் ஓட்டுவது நான் இன்றும் விடாத பழக்கம்.

டேப் மூடுவதும் இணைப்பு அறுவதும் ஒன்றல்ல, அதையும் தனியாகச் செய்யுங்கள். ஓடும்போதே வைஃபையை ஒரு நிமிடம் அணைத்து, போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். எடிட்டர் "மீண்டும் இணைகிறது" என்று சொல்லிவிட்டுத் தானே மீள்கிறதா, இல்லை பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்கிறதா? அந்த இடைவெளியில் நீங்கள் தட்டிய இரண்டு வரி என்ன ஆனது? ஜூபிட்டர்லேப் இயல்பாக 120 நொடிக்கு ஒருமுறைதான் தானாகச் சேமிக்கும். விஎஸ் கோடை மேசைக் கணினியில் நிறுவினால் தானாகச் சேமிப்பது அணைந்திருக்கும், பிரவுசரில் திறந்தால் இயங்கும். நிர்வாகி இதை மாற்றியிருக்கலாம் என்பதால் அமைப்புகளில் போய் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு அறிகுறியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பக்கம் அழகாகத் திறக்கும், ஃபைல்கள் தெரியும், ஆனால் கர்னல் மட்டும் "இணைகிறது" என்றே நிற்கும். அநேகமாக வெப்சாக்கெட் இணைப்பை (பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் பாதையை) நடுவில் எதுவோ தடுக்கிறது. அலுவலகப் புராக்ஸியாக இருக்கலாம், சர்வருக்கு முன்னால் வாயில்காப்பாளர் மாதிரி நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருளாகவும் இருக்கலாம். என்ஜின்எக்ஸின் இயல்பான காத்திருப்பு நேரம் 60 நொடி. சரியாக ஒரு நிமிடம் சும்மா இருந்ததும் அறுகிறது என்று நீங்கள் எழுதினால், நிர்வாகிக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.

நினைவகம்: சொல்வதும் இருப்பதும்

டெர்மினலில் ஃப்ரீ கட்டளை கொடுத்தால் 256 ஜிபி என்று காட்டும். மனம் குளிரும். ஆனால் அது அந்த முழு இயந்திரத்தின் கணக்கு. உங்கள் கன்டெய்னருக்கு ஒதுக்கியது 4 ஜிபியாக இருக்கலாம். சிபியு எண்ணிக்கையிலும் இதே கதைதான். பைத்தானின் ஓஎஸ் மாட்யூலைக் கேட்டால் 64 என்று சொல்லும், உங்களுக்குக் கொடுத்தது இரண்டாக இருக்கும். அந்த 64ஐ நம்பி 64 துணை வேலைகளைத் தொடங்கினால் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, இரண்டில் ஓட்டியதைவிட மெதுவாகப் போகும்.

நிஜமான வரம்பைக் கண்டுபிடிக்க நம்பையில் எண்களை அடுக்கிப் பார்க்கலாம். சாதாரணத் தசம எண் ஒன்றுக்கு 8 பைட். 10 கோடி எண்கள் என்றால் 800 எம்பி. அப்படி ஒரு வரிசையை உருவாக்கிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனையாவது என்று அச்சிடுங்கள். ஐந்தாவதில் விழுந்தால் நான்கு ஜிபி அளவில் வரம்பு இருக்கிறது.

இதில் நான் மாட்டிக்கொண்ட ஒரு இடம் உண்டு. முதலில் சுழியங்களாலான வரிசையை உருவாக்கினேன். ஐந்து போனது, பத்து போனது, இருபதும் போனது. "அடடா, தாராளமாகக் கொடுத்திருக்கிறார்களே" என்று குறிப்பும் எழுதிவிட்டேன். லினக்ஸ் சுழியம் கேட்டால் உடனே நினைவகத்தை ஒதுக்குவதில்லை. அதில் எதையாவது எழுதும்போதுதான் ஒதுக்கும். அதனால் சுழியத்துக்குப் பதிலாக ஒன்றுகளால் நிரப்புங்கள். நிரப்பியதும் நான்காவதிலேயே கர்னல் விழுந்தது, குறிப்பை அடித்து எழுத வேண்டியதாயிற்று.

விழும்போது எடிட்டர் என்ன சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். "கர்னல் செத்துவிட்டது" என்று மட்டும் சொன்னால் புதியவருக்குத் தன் கோடில்தான் தவறு என்று தோன்றும். 137 என்ற எண் எங்காவது தெரிந்தால் அதுதான் தடயம்: 128 கூட்டல் 9, ஒன்பதாம் சிக்னல், அதாவது வெளியிலிருந்து வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டது. பெரும்பாலும் நினைவகம் போதாமல்தான். விஎஸ் கோட் வகையில் எடிட்டரின் சர்வரும் அதே கன்டெய்னருக்குள் இருப்பதால் சில நேரம் எடிட்டரே சேர்ந்து விழும், டெர்மினலும் போகும். கர்னல் மட்டும் விழுந்து எடிட்டர் நின்றால் நல்ல அமைப்பு என்று எழுதலாம்.

இந்தச் சோதனையைச் செய்யுமுன் நிர்வாகியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வரம்பே வைக்காமல் விட்டிருந்தால் நீங்கள் விழுத்துவது உங்கள் கன்டெய்னரை அல்ல, எல்லோரும் உட்கார்ந்திருக்கும் இயந்திரத்தை. ஜிபியு உண்டு என்று சொல்லியிருந்தால் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் மாடல் பயிற்சி லைப்ரரியான பைடார்ச்சிடமும் கூடா (CUDA, என்விடியா ஜிபியுவைப் பயன்படுத்த வேண்டிய மென்பொருள்) கிடைக்கிறதா என்று கேளுங்கள். முதலாவது ஆம், இரண்டாவது இல்லை என்று வருவது சகஜம். அப்போது கார்டு இருக்கிறது, அதற்கேற்ற பதிப்பு நிறுவப்படவில்லை.

விசைகள்

சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ட்ரோல் டபிள்யூ அழுத்தினால் எடிட்டருக்குள் இருக்கும் ஃபைல் மூடும் என்று எதிர்பார்ப்பீர்கள்; பிரவுசர் டேப்பே மூடும். கண்ட்ரோல் ஷிஃப்ட் பி விஎஸ் கோடில் கட்டளைப் பலகையைத் திறக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் தனிப்பட்ட ஜன்னல் திறக்கும். அங்கே எஃப்1 பயன்படும். டெர்மினலில் நகலெடுக்க வழக்கமாக அழுத்தும் கண்ட்ரோல் ஷிஃப்ட் சி, குரோமில் டெவலப்பர் கருவிகளைத் திறந்துவிடும். குரோமில் அந்தப் பக்கத்தைத் தனிச் செயலியாக நிறுவிக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். நகல்-ஒட்டு சுத்தமாக வேலை செய்யவில்லையா? முகவரிப் பட்டையைப் பாருங்கள். எச்டிடிபிஎஸ் இல்லாத முகவரியில் பிரவுசர் கிளிப்போர்டைத் தராது, விஎஸ் கோட் வகையில் இன்னும் சில பகுதிகளும் திறக்காது.

தமிழில் தட்டிப் பாருங்கள்

இதை யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாகவே செய்யுங்கள். நம் டேட்டாவில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் தமிழில் வரும் நாள் வந்தே தீரும். பைத்தான் 3இல் மாறிக்கே தமிழ்ப் பெயர் வைக்கலாம். ஒரு செல்லில் இதை அப்படியே தட்டி ஓட்டுங்கள்:

மழை = [12, 0, 35]
மழை

கீழே மூன்று எண்களும் வரும். வந்தால் போதாது, தட்டும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கோட் எடிட்டர்கள் பயன்படுத்தும் சம அகல எழுத்துருக்களில் அநேகமாகத் தமிழ் இருக்காது. பிரவுசர் வேறு எழுத்துருவை எடுத்து ஒட்டும். அதனால் கர்சர் ஒரு இடத்தில் மின்ன, எழுத்து இன்னொரு இடத்தில் விழலாம். "கி" என்று தட்டிவிட்டு ஒருமுறை பேக்ஸ்பேஸ் அடித்தால் "க" மிஞ்சுகிறதா, முழு எழுத்தும் போகிறதா? எடிட்டருக்கு எடிட்டர் இது மாறும். தமிழ்99 விசைப்பலகையில் தட்டுகிறவர், ஒலிப்பு முறையில் தட்டுகிறவர் இருவரையும் உட்காரவைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

"தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு அது மூன்று எழுத்து. பைத்தான் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று எண்ணுகிறது. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் அதுவே 15 பைட். இதைவிடக் குழப்புவது "கொ". ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் வைக்கலாம். பார்க்க இரண்டும் ஒன்றே; சரங்களாக ஒப்பிட்டால் பைத்தான் சமமில்லை என்று சொல்லும். கொடைக்கானல் என்ற ஊர் ஒரே அட்டவணையில் இரண்டு ஊராகப் பிரிந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். யூனிகோட்டேட்டா மாட்யூலைக் கொண்டு என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு) மாற்றினால் சரியாகும். விசித்திரம் என்னவென்றால், மாறியின் பெயராக எழுதினால் பைத்தான் தானே இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும்.

வரைபடத்தில் தமிழ்த் தலைப்பு வைத்தும் பாருங்கள். வரைபட லைப்ரரியான மேட்பிளாட்லிப்பின் இயல்பான எழுத்துரு டேஜாவு சான்ஸ். அதில் தமிழ் இல்லாததால் வரிசையாகக் கட்டங்கள் வரும். சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேட்க இது நல்ல சாக்கு.

டேட்டா உள்ளே வருமா, வெளியே போகுமா?

சைகிட்-லேர்னில் கலிஃபோர்னியா வீட்டு விலை டேட்டா ஒன்று உண்டு. 20,640 வரிசை, 8 அளவுகள். ஐரிஸ் மாதிரி உள்ளே இருக்காது, இணையத்திலிருந்து இறங்கும். ஐரிஸ் ஓடி இது ஓடவில்லையென்றால் சர்வருக்கு வெளி இணையம் இல்லை. அது வேண்டுமென்றே மூடியதாகவும் இருக்கலாம், எனவே குறை என்று எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள். ஒருமுறை இறங்கியதும் ஹோம் ஃபோல்டரில் தங்கிவிடும். இரண்டாம் முறை இணையமே இல்லாமலும் ஓடும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

உங்கள் லேப்டாப்பிலிருந்து சிஎஸ்வி ஒன்றை இழுத்துப் போடுங்கள். முதலில் 500 கேபி, அப்புறம் 5 எம்பி, அப்புறம் 200 எம்பி. நடுவில் 413 என்ற பிழை வந்தால், முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது என்பதை நினைவில் வையுங்கள். ஏற்றிய பெரிய சிஎஸ்வியை எடிட்டரில் சொடுக்கித் திறக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். அந்த உரை பிரவுசருக்கு வர வேண்டும், டேப் திணறும். அட்டவணை லைப்ரரியான பாண்டாஸில் முதல் ஐந்து வரிசையைக் காட்டச் சொன்னால் போதும்.

கோடின் மாற்றங்களைச் சேமித்துப் பகிரும் கிட் இல்லாமல் வேலை நடக்காது. ஒரு களஞ்சியத்தை நகலெடுத்து, ஒரு எழுத்து மாற்றி, திருப்பி அனுப்புங்கள். கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் கட்டளைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை, டோக்கன் (அதற்குப் பதிலான ரகசியக் குறி) வேண்டும். அந்த டோக்கன் மறுதொடக்கத்துக்குப் பின்னும் நினைவிருக்கிறதா, எந்த ஃபைலில் கிடக்கிறது, பக்கத்து ஆள் அதைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடித்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை முதலில் சொல்ல வேண்டும்.

எக்ஸ்டென்ஷன்கள்: விஎஸ் கோட் வகை எல்லாமே மைக்ரோசாஃப்ட் சந்தையிலிருந்து எடுப்பதில்லை. கோட்-சர்வர் எக்லிப்ஸ் அறக்கட்டளையின் ஓப்பன் விஎஸ்எக்ஸ் பதிவகத்திலிருந்து எடுக்கிறது. லேப்டாப்பில் பழகிய எக்ஸ்டென்ஷன் அங்கே இல்லாமல் இருக்கலாம். டீமில் அன்றாடம் பயன்படுத்தும் ஐந்தாறை மட்டும் தேடிப் பாருங்கள், எல்லாவற்றையும் அல்ல.

பைத்தானில் வலைச் செயலி எழுத உதவும் ஸ்ட்ரீம்லிட்டில் சிறு செயலி ஓட்டினால் "லோக்கல்ஹோஸ்ட் 8501இல் பாருங்கள்" என்று வரும். லோக்கல்ஹோஸ்ட் என்றால் இதே கணினி; இங்கே அது சர்வர், உங்கள் லேப்டாப் அல்ல. அதை எடிட்டர் பிரவுசருக்குக் கொண்டுவரும் வழி வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எழுதிக் கொடுப்பது

"சில நேரம் ஹேங் ஆகுது" என்று எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பிரவுசர், எந்தப் பதிப்பு, எத்தனை மணி, என்ன செய்தபோது, மறுபடி செய்தால் மறுபடி வருகிறதா? இந்த ஐந்தும் இருந்தால் போதும். மணியில் ஒரு கவனம் தேவை. சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் காலை 9:30 அதற்கு 4:00. நீங்கள் 9:30 என்று எழுத, நிர்வாகி பதிவேட்டில் 9:30ஐத் தேடி ஒன்றும் கிடைக்காமல் "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்று பதில் அனுப்புவார். எந்த நேரம் என்று சேர்த்தே எழுதுங்கள். எஃப்12 அழுத்தி, கன்சோலில் சிவப்பாகத் தெரியும் வரிகளையும் நகலெடுத்து ஒட்டுங்கள். அதில் டோக்கன் ஏதும் தெரிந்தால் அழித்துவிட்டு ஒட்டுங்கள்.

ஒரு மாதிரி: "குரோம் (இங்கே பதிப்பு எண்), சர்வர் நேரம் 4:12 யூடிசி. 60 நொடி எதுவும் தட்டாமல் இருந்தால் டெர்மினல் அறுகிறது. ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும். ஜூபிட்டர்லேபில் வரவில்லை." நாலே வரி. இப்படி எழுதப்பட்ட குறிப்பு ஒன்றுக்கு அன்று மாலையே திருத்தம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கிளம்புமுன் ஒரு வேலை மிச்சம். டேப்பை மூடினால் வொர்க்ஸ்பேஸ் நிற்காது, அதை இரண்டு நாளாக நீங்களே சோதித்தீர்கள். சிலது தானாக நிற்கும்: கோட்ஸ்பேசஸ் இயல்பாக 30 நிமிடம் சும்மா இருந்தால் நிற்கும், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் மேல் வழக்கமான முறையில் நிறுவிய ஜூபிட்டர்ஹப் (பலருக்குமான ஜூபிட்டர் சர்வர்) ஒரு மணி நேரத்தில். சிலது யாராவது நிறுத்தும்வரை ஓடும், ஜிபியுவோடு, மணிக் கணக்கில் பில் ஏறிக்கொண்டு. மெனுவில் "நிறுத்து" எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து அழுத்துங்கள். தேட மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால் அதையும் குறிப்பில் சேருங்கள்.